ரோசாவுக்குப் போச்செரோ

குருக்கள்மடம்
6-3-1938

அன்புள்ள தம்பி நல்லரத்தினத்துக்கு,

அக்கா இலட்சுமிப்பிள்ளை எழுதுவது. மண்டூர்க் கந்தன் காவலில் நானும் அத்தானும் மக்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். மணிலாவில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நேர்ந்திருக்கிறேன்.

நீ கப்பலேற்றிவிட்ட உன் பெண்சாதி ரோசா பத்திரமாக வந்து சேர்ந்தாள். கொழும்பிலிருந்து கோச்சியில் வந்தவளை அத்தான்தான் மட்டக்களப்பு ஸ்டேஷனில் போய் நின்று கூட்டி வந்தார். பிள்ளைத்தாய்ச்சி என்று நீ எழுதியிருந்தபடியால் வாசலிலேயே கண்ணூறு போகக் கழிப்புக் கழித்து உள்ளே எடுத்தேன். நல்ல பெண். சிரித்த முகம். நான் பேசுவது அவளுக்கு விளங்காது, அவள் பேசுவது எனக்கு விளங்காது. அதனால் இதுவரை சண்டை இல்லை.

ஆனால் தம்பி, அவள் சாப்பிடுகிறாள் இல்லை. மீன் ஆணத்தை மணந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைக்கிறாள். வெறுஞ் சோற்றில் உப்பைத் தூவி இரண்டு வாய் வைக்கிறாள், அதுவும் வயிற்றில் நிற்பதில்லை. மூன்றாம் மாதம் தொடங்கப் போகிறது. கழுத்தெலும்பு தெரிகிறது. நேற்று என் கையைப் பிடித்து, சட்டியில் கிளறுவதுபோல் காட்டி, "போச்செரோ, போச்செரோ" என்று சொன்னாள். அது என்ன? இலையா, கிழங்கா? உடனே எழுது.

இன்னுமொன்று. நம் ஊர் வழக்கம் நீ மறந்திருக்க மாட்டாய். இங்கே வீடு பெண்ணுடையது, கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குப் போவான். பெண்சாதியை அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டவனை ஊர் இப்போதுதான் பார்க்கிறது. "எந்த வீட்டுப் பெண், என்ன குடி?" என்று தண்ணீர் அள்ளும் இடத்தில் கேட்கிறார்கள். குடி தாய்வழி வருவது. ரோசாவுக்கே குடி இல்லை, நாளைக்கு அவள் வயிற்றில் இருக்கிறதுக்கு என்ன குடி என்று சொல்வது? வயிறு பெருத்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று அவளை முன்னால் அனுப்பினாய், சரி. வேலை ஒப்பந்தம் முடிந்து ஆனியில் வருவேன் என்றாயே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ வந்து பக்கத்தில் நின்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

உன் சுகத்தை அறிய ஆவலாயிருக்கும்,
அக்கா இலட்சுமிப்பிள்ளை


மணிலா
14-4-1938

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி நல்லரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அறிந்து மகிழ்ந்தேன்.

போச்செரோ இலையுமில்லை, கிழங்குமில்லை. தக்காளிப்பழத்தில் அவிக்கும் பன்றி இறைச்சிக் கறி. இதை அத்தானுக்கு மெதுவாகச் சொல்லுங்கள். ரோசா ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலுக்குப் போய் வந்து இதைத்தான் வைப்பாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், ஆகையால் பிழை வராது. இறைச்சியைப் பெரிய துண்டாக வெட்டி எண்ணெயில் சிவக்க விட வேண்டும். அந்த எண்ணெயிலேயே உள்ளியும் வெண்காயமும் வதக்கி, தக்காளியைக் கையால் பிசைந்து ஊற்ற வேண்டும். மெல்லிய நெருப்பில் இறைச்சி நூலாகப் பிரியுமட்டும் விட்டுவிடுங்கள். பிறகு உருளைக்கிழங்கு, அவித்த கடலை, போஞ்சி, கோவா இலை. கடைசியாக வாழை. இங்குள்ள வாழை நம் மொந்தன் போல இருக்கும்.

ரோசா போன பிறகு எனக்குக் கடைப் பாணும் முட்டையும்தான். அறையை வாடகைக்குத் தந்திருக்கும் கொன்சா என்ற விதவை, கீழே வந்து சாப்பிடும்படி கூப்பிடுகிறாள். ரோசாவுக்கும் அவளுக்கும் ஆகாது என்பதால் நான் போவதில்லை. ஆனி மாதம் வந்துவிடும், நானும் வந்துவிடுவேன். ஊராருடைய வாய்க்கு நீங்கள் பயப்பட வேண்டாம்.

ரோசாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.
தம்பி நல்லரத்தினம்


குருக்கள்மடம்
22-5-1938

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ரோசா எழுந்து நடக்கிறாள், அவ்வளவுதான்.

பன்றி என்ற சொல்லை அத்தானிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் சென்றது. அவர் தன் குடிக்கு வண்ணக்கராக இருந்து கோயில் காரியம் பார்க்கிறவர். "பண்டி அவிச்ச வீட்டுக்குள்ள இருந்து எழும்பிக் கோயிலுக்கு எப்பிடிப் போறதுகா?" என்று கேட்டார். அன்று மத்தியானம் ரோசா வாந்தி எடுத்ததை அவரே பார்த்தார். பொழுதுபட, "காட்டுப் பண்டி எண்டா வேட்டை இறைச்சி. அதுக்குத் தோசம் இல்ல" என்றார். கரடியனாற்றிலிருந்து ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான்.

தம்பி, அந்தக் கறி என்னால்தான் கெட்டது. நீ எழுதியபடியேதான் தொடங்கினேன். தக்காளி கொதித்து வந்தபோது என் கை தன்பாட்டுக்குப் போய்த் தேங்காய்ப்பாலை எடுத்து விட்டுவிட்டது. பால் விடாத கறியை இந்தக் குசினியில் யார் கண்டது? பால் விட்ட பிறகு கொச்சிக்காய்த் தூள் போடாவிட்டால் பச்சை மணக்கும் என்று அதையும் போட்டேன். ரம்பை இலையும் போட்டேன். மொந்தன் காயைச் சீவிப் போட்டேன், அது மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. வேட்டை இறைச்சியோ கல்லு. ரோசா சட்டியை எட்டிப் பார்த்தாள். வந்த நாளுக்கு முதல்தரம் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பிறகு அழத் தொடங்கினாள். நானும் அகப்பையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மக்கள் இரண்டும் அந்தக் கறியை ருசி என்று தின்றார்கள், உன் பெண்சாதி வெறுஞ் சோறுதான் தின்றாள்.

எங்கே பிழை விட்டேன் என்று எழுது. ஆனியில் எந்தக் கப்பல், எத்தனையாம் திகதி என்றும் எழுது. திகதி தெரிந்தால் அவளுக்கு விரல் விட்டு எண்ணிக் காட்டலாம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா


மணிலா
28-6-1938

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது.

பால் கூடாது. தூள் கூடாது. ரம்பை வேண்டவே வேண்டாம். காட்டுப் பன்றியில் கொழுப்பு இல்லை, வளர்ப்புப் பன்றிதான் வேண்டும், தோலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு விரல் தடிப்புக் கொழுப்பு இருக்க வேண்டும். அதுதான் கறியின் உயிர். புளியந்தீவில் பறங்கியர் வளர்ப்பார்களே, அங்கே கேளுங்கள். வாழை காயாக இருக்கக் கூடாது என்று எழுத மறந்துவிட்டேன். நன்றாகப் பழுத்ததை நீளவாக்கில் பிளந்து, வேறாக எண்ணெயில் பொரித்து, இறக்குவதற்குச் சற்று முன் மேலே பரப்ப வேண்டும். புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வருவதுதான் ரோசாவின் ஊர்க் கைப்பக்குவம். உப்பைக் கடைசியில் பாருங்கள். தக்காளி புளித்தால் ஒரு சிட்டிகை சீனி. மண்சட்டி நல்லது. மூடி வைத்து அவியுங்கள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் வெள்ளம்.

ரோசாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.
தம்பி நல்லரத்தினம்


குருக்கள்மடம்
4-8-1938

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. அதற்குள் நான் தேடியது மட்டும் வந்து சேரவில்லை. எப்போது வருகிறாய் என்று கேட்டால் உப்பை எப்போது போடுவது என்று எழுதுகிறாய். ஆனி போய் ஆடியும் பாதி போய்விட்டது.

கறிக் கதையை முதலில் சொல்கிறேன், அது ஒன்றுதான் சொல்லத்தக்கதாக நடந்தது. புளியந்தீவில் அலீஸ் நோனா என்று ஒரு பறங்கிப் பெண் பன்றி வளர்க்கிறாள். ரோசாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். ரோசாவுக்குத் தெரிந்த ஸ்பானியச் சொல்லும் அலீஸ் நோனா வீட்டில் பேசுகிற போர்த்துக்கேயமும் பாதிக்குப் பாதி பொருந்துகின்றனவாம். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதைப் பார்க்க வேண்டும். இத்தனை மாதமாக என் வீட்டில் ஊமையாக இருந்த பிள்ளை மடை திறந்த மாதிரிப் பேசினாள். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் அலீஸ் நோனாவே இறைச்சியோடு வந்தாள். குசினிக்குள் எடுக்கவில்லை. பின்வளவில், ஆற்றங்கரைப் பக்கம், தென்னைக்குக் கீழே கல் வைத்துப் புதுச்சட்டி ஏற்றினோம். ரோசா என்னை அடுப்புக்குக் கிட்ட விடவில்லை. கொழுப்பு உருகிச் சட்டி முழுக்கப் படர்ந்தது, தக்காளியின் பச்சை வாடை போய் ஒரு நல்ல மணம் எழுந்தது, வலைக்காரர்கூட நின்று பார்த்தார்கள். பொரித்த வாழைப்பழத்தை மேலே பரப்பி மூடினாள். தம்பி, அவள் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். நானும் ஒரு துண்டு வாழைப்பழம் எடுத்து வாயில் போட்டேன். அத்தானிடம் சொல்லாதே. அவர் வாசலில் நின்று, "இது என்ன வாசம்?" என்று கேட்டுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் மடத்துக்குப் படுக்கப் போனார். மூன்றாம் நாள்தான் திரும்பி வந்தார்.

இனி எழுதப் போவதைக் கவனமாக வாசி. ரோசாவின் கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. விரலால் அமத்தினால் குழி விழுகிறது. மருத்துவிச்சி ஆச்சிப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள். "தலைப்பிள்ள, கால் வீக்கம், மனசிலயும் கவலை. புருசன் கிட்ட இருந்தா அரைவாசி வருத்தம் மாறும். எப்ப வாறானாம்?" என்று கேட்டாள். இந்த மாதம் என்று பொய் சொன்னேன். ரோசா நம் பேச்சை இப்போது கொஞ்சம் கொஞ்சம் விளங்கிக்கொள்கிறாள், அந்தப் பொய்யைக் கேட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வரி எழுது தம்பி. சமையலைப் பற்றி வேண்டாம்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும்,
அக்கா


மணிலா
8-8-1938

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் சுகமென நம்புகிறேன். நான் மிகவும் சுகம். கொஞ்சம் உடம்பும் வைத்திருக்கிறேன்.

மாதம் ஏற ஏற ரோசாவுக்குப் பலம் வேண்டும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். நான் முன்பு எழுதியதிலும் திறமான முறை ஒன்று உண்டு. பன்றி ஈரலை நெருப்பில் வாட்டி, அம்மியில் பசையாக அரைத்துத் தக்காளியோடு கரைத்து விடுங்கள். சாறு தடித்து, கருஞ்சிவப்பாக வரும். ஒரு துண்டுக் கறுவாப்பட்டை போடுங்கள். வாழைப்பழம் தேவையில்லை, அதற்குப் பதில் ஒரு பிடி முந்திரிகை வற்றல், காய்ந்த திராட்சைதான். அதை இறக்கும் நேரம் போட வேண்டும், முதலில் போட்டால் உப்பி வெடித்துவிடும். இரத்தம் ஊற இதைப்போல ஒன்றுமில்லை. ஒருமுறை செய்து கொடுத்துப் பாருங்கள், வாழைப்பழக் கறியை அவள் மறந்துவிடுவாள்.

வேலை அதிகம். விரிவாகப் பின்னர் எழுதுகிறேன்.
தம்பி நல்லரத்தினம்


குருக்கள்மடம்
24-8-1938

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை.

தபால்காரர் படலையைத் தாண்டிப் போகும்போது ரோசா எழுந்து நிற்கிறாள். அவர் போன பிறகும் நிற்கிறாள், வீங்கிய காலோடு. உனக்கு ஏதும் வருத்தமா? காய்ச்சலா? வேலையில் கரைச்சலா? எதுவென்றாலும் எழுது, நான் உன் அக்கா. அம்மா கண்ணை மூடும்போது உன் கையை என் கையில்தானே தந்தாள். உனக்கு ஒன்றும் நடந்திருக்கக் கூடாது என்று மண்டூருக்குத் தோணியில் போய் விளக்கேற்றி வந்தேன்.

நீ நல்லாயிருந்தால் போதும்.
அக்கா


குருக்கள்மடம்
13-9-1938

நல்லரத்தினத்துக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீ உடம்பு வைத்திருப்பதையும் அறிந்துகொண்டேன்.

உன் ஈரல் கறிக் கடிதம் மூன்று நாளைக்கு முன் வந்தது. நீ உயிரோடு இருக்கிறாய் என்ற சந்தோசத்தில் நான் அதில் வேறொன்றும் பார்க்கவில்லை. என் தம்பிக்கு இரத்தம் ஊறும் கறி தெரிகிறதே, பெண்சாதியில் அக்கறை இருக்கிறதே என்று பெருமைப்பட்டேன். அன்றைக்கே ஆளனுப்பி ஈரல் எடுத்தேன். ரோசாவைப் படுத்திருக்கச் சொல்லிவிட்டு நானே செய்தேன். வாட்டினேன், அரைத்தேன், கறுவா போட்டேன். முந்திரிகை வற்றலைக் கடைசியில்தான் போட்டேன். பால் விடவில்லை, தூள் போடவில்லை. என் வாழ்நாளில் ஒரு கறியையும் இவ்வளவு கவனமாக நான் வைத்ததில்லை.

ரோசா ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றவள் நிறுத்தினாள்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டாள். இப்போது இவ்வளவு பேசுவாள்.

"தம்பிதான். கடிதத்தில எழுதியிருக்கான். உனக்குப் பலமாம்."

"ஈரல் அரைச்சு... கறுவா... அவர் சொன்னது?"

"ஓம்கா. நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு" என்று சொன்னாள். கோப்பையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். கையைக் கழுவினாள். என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். நான் சட்டியைக் கழுவிக்கொண்டே, பிள்ளைக்குப் பிடித்துப்போயிற்று என்று எனக்குள்ளே சிரித்தேன்.

விடிந்து பார்த்தால் பாயில் ஆளில்லை. கிணற்றடியில் இல்லை. ஆற்றங்கரைக்கு ஓடினேன். தோணிக்காரரைக் கேட்டேன், வலைக்காரரைக் கேட்டேன். நிறைமாத வயிற்றோடு ஒருத்தி தண்ணீர்ப் பக்கம் போனால் ஓர் அக்கா என்ன நினைப்பாள் என்று நான் எழுத மாட்டேன், நீயே நினைத்துப் பார். அத்தான் சால்வையும் இல்லாமல் கடற்கரைப் பக்கம் ஓடினார். அந்த மனிதர் ஓடியதை நான் கண்டதேயில்லை. ரோட்டுக்கரைக் கடையில்தான் சொன்னார்கள், அவள் முதல் பஸ்ஸில் பட்டணம் போனதாக.

அடுத்த பஸ்ஸில் கல்லடிப் பாலம் தாண்டிப் போனேன். அலீஸ் நோனா வீட்டுப் பின் வாசலில் இருந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள் உன் பெண்சாதி. கண்ணில் தண்ணீர் இல்லை. அலீஸ் நோனாதான் சொன்னாள்: "லெச்சுமி, ஈரலச் சுட்டரைச்சுக் கறுவா போட்டுக் காய்ச்சிற கறி இவள்ட ஊர்க் கறி இல்லையாம். மணிலாவில கீழ் வீட்டுக்காரி கொன்சாட கைக் கறியாம். கலியாணம் முடிச்ச புதிசில ரெண்டு பேரும் அங்கதான் திண்டவங்களாம். அவள் இவள்ட புருசன்ர கோப்பையில மட்டும் இறைச்சியக் கூடப் போடுறாளெண்டுதான் இவள் சண்டை பிடிச்சுத் தனிய அடுப்பு வச்சவளாம். கறிப் பக்குவத்த ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவளும் இல்லையாம். அவள்ட அடுப்படியில இருந்து பாத்தாத்தான் தெரியுமாம்."

நான் அந்த வாசற்படியிலேயே இருந்துவிட்டேன். ரோசாவிடம் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான், அதுவும் என் கையால் சமைத்து. கோப்பையில் போட்டு, சாப்பிடு, பலம் என்று சொல்லிக் கொடுத்தேன். நீ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய். அந்தச் சோற்றைப் பரிமாற என்னைப் பிடித்தாயே.

பொழுதுபட ரோசாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கொன்சா யார் என்று நான் கேட்கவில்லை. ஆனி ஏன் வரவில்லை என்றும் இனிக் கேட்கவில்லை. பிள்ளை பிறக்க நாள் நெருங்கிவிட்டது. வருகிறாயா, இல்லையா? ஓம் என்றாவது இல்லை என்றாவது எழுது. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

இலட்சுமிப்பிள்ளை


குருக்கள்மடம்
24-10-1938

மைத்துனர் நல்லரத்தினம் அவர்களுக்கு,

வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. சுகம், சுகமறிய ஆவல். கடிதம் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. உங்கள் அக்கா எழுத மாட்டேன் என்று சொன்னபடியால் எழுதுகிறேன்.

செப்டெம்பர் 22ஆம் திகதி பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு வலிப்பு வந்து நாங்கள் நம்பிக்கை விட்டிருந்தோம். ஆச்சிப்பிள்ளையும் பட்டணத்து டாக்டரும் சேர்ந்து இருவரையும் காப்பாற்றினார்கள். பாதிரியாரைக் கூட்டி வரும்படி ரோசா கேட்டாள், நானே போய்க் கூட்டி வந்தேன். பெற்ற பிறகு சரக்குத் தண்ணீரும் பத்தியக் கறியும் அவளுக்கு இறங்கவில்லை. ஆகையால் நானே அலீஸ் நோனா வீட்டுக்குப் போய் இறைச்சி வாங்கி, சால்வைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்டவர்கள் கண்டார்கள்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துக் கோயிலில் பொங்கினோம். பிள்ளை என்ன குடி என்று சபையில் கேட்டார்கள். "புள்ள எண்ட பொண்டாட்டிர குடி. அதுக்கு மேல கேக்கிறதெண்டா வண்ணக்கருக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொன்னேன். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. கோயிலில் வள்ளியம்மை என்றும் தேவாலயத்தில் தெரேசா என்றும் பெயர் வைத்திருக்கிறது.

உங்கள் பதில் இன்னும் வரவில்லை.
இங்ஙனம்,
க. வினாயகமூர்த்தி


மணிலா
18-12-1938

மதிப்புக்குரிய அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வணக்கம். நான் சுகம். கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. மகள் பிறந்த செய்தி அறிந்து அளவில்லாத மகிழ்ச்சி. அத்தானுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

வேலைத் தொல்லையால் பதில் தாமதமாகிவிட்டது. அறையை மாற்றிவிட்டேன். இப்போது துறைமுகப் பக்கம் தனியாக இருக்கிறேன். இந்த ஊர் எனக்கு அலுத்துவிட்டது. மார்ச் முதல் வாரம் கப்பல் ஏறுகிறேன். பெண்கள் சும்மா இருக்கும்போது எதையாவது நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்வார்கள், நான் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும். உள் அறையை எனக்கும் ரோசாவுக்கும் ஒழுங்குபடுத்தி வையுங்கள். வரும் அன்றைக்கு ரோசாவின் கையால் போச்செரோ வைக்கச் சொல்லுங்கள். வாழைப்பழம் நிறையப் போடட்டும். கடைச் சாப்பாட்டில் நாக்கு செத்துவிட்டது.

எல்லோரையும் நேரில் காண ஆவலாயிருக்கும்,
தம்பி நல்லரத்தினம்


குருக்கள்மடம்
25-1-1939

தம்பி நல்லரத்தினத்துக்கு,

அக்கா எழுதுவது. பிள்ளை சுகம். தாய் சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது. அத்தான் சுகம், மக்கள் சுகம். நீ கப்பலேறும் முன் கிடைக்க வேண்டும் என்று இதை உடனே எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கண்டதும் எனக்குச் சந்தோசம்தான் முதலில் வந்தது. என் ஒரே தம்பி வருகிறான் என்று அழுதேன். பிறகு இரண்டாந்தரம் வாசித்தேன். அறையை மாற்றினேன் என்று எழுதத் தெரிந்தவனுக்கு, ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுத முடியவில்லை. பிள்ளை யாரைப் போல இருக்கிறாள் என்று ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. எனக்கு நெஞ்சு நொந்துபோயிற்று. அதை மறைக்க மாட்டேன்.

உள் அறை ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ரோசா அதில் இல்லை. மார்கழியில் அத்தான் பின்வளவைப் பிரித்து வேலி அடைத்து, ஆற்றைப் பார்க்க இரண்டு அறையில் ஒரு வீடு போட்டுக் கொடுத்தார். மண்சுவர், ஓலைக் கூரை. அடுப்பும் அவளுக்கு வேறு. எனக்கு இரண்டும் ஆண் மக்கள், நாளைக்கு அவன் அவன் பெண் வீட்டுக்குப் போகிறவன். ஆகையால் அந்தப் பின்வளவும் எனக்குப் பின் இந்த வீடும் வள்ளியம்மைக்கு என்று நானும் அத்தானும் பேசி முடித்துவிட்டோம். இதில் கோபிக்க உனக்கு ஒன்றுமில்லை. இந்த ஊரில் எந்த ஆணுக்கு வீடு இருந்தது? அத்தான் என் வீட்டுக்கு வந்து இருபது வருடம். அவரும் அம்மாவிடம் கேட்டுத்தான் படலைக்குள் கால் வைத்தவர்.

அதனால் நீ வருவதற்கு நான் ஓம் சொல்ல முடியாது, அத்தானும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவள் வீட்டுக்காரி. உன் கடிதத்தை நேற்றுப் பின்வளவுக்குக் கொண்டுபோய், ஒரு சொல் விடாமல் ரோசாவுக்கு வாசித்துக் காட்டினேன். விளங்காத இடத்தைத் திருப்பி வாசிக்கச் சொன்னாள். பெண்கள் சும்மா இருக்கும்போது என்று நீ எழுதிய இடத்தையும் திருப்பி வாசித்தேன். பிள்ளையை மடியில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டு கேட்டாள். கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை. வாசித்து முடித்த பிறகு, "என்ன எழுத?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வருகிற எந்த விருந்தாளியைப் பற்றியும் நாங்கள் சொல்கிற மாதிரியே, நம் ஊர்ப் பேச்சில், பிழையில்லாமல் சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

"வரட்டும். சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

அக்கா இலட்சுமிப்பிள்ளை